அப்பாவுக்காகக் கலந்த சிவப்பு

சாயத் தொழிற்சாலையில் நிறம் சேர்க்கிற அறையில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. சிவப்பக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நீலமோ பச்சையோ வந்தால் மற்றவர்கள் ஒருவழியாகச் சமாளித்துவிடுவார்கள். சிவப்பு வந்தால் மட்டும் மாதிரித் துணி நேராக அவள் மேஜைக்கு வந்துவிடும். சிவப்பு அவ்வளவு லேசில் படிகிற நிறமல்ல. வாங்க வருகிறவர்களும் படுத்தியெடுப்பார்கள். கல்யாணத் துணிக்குக் கேட்பவர்கள் ஒரு இழை இருண்டாலும் முகத்தைச் சுளிப்பார்கள். கட்சிக்கொடிக்குக் கேட்பவர்களுக்குத் தேர்தல் வரைக்கும் வெயிலில் வெளுக்காமல் இருந்தால் போதும். தீயணைப்புக்காரர்களின் உடுப்புக்குப் புகைக்குள்ளேயும் கண்ணில் அடிக்க வேண்டும். குழந்தைக் கம்பளி என்றால் வாயில் வைத்துச் சப்பினாலும் சாயம் விடக்கூடாது. அரக்கு, செங்கல், பவளம், செம்பருத்தி, தக்காளி என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பேர் இருந்தது. யாராவது மொட்டையாக "சிவப்பு வேணும்" என்று வந்து நின்றால், "தரகர்கிட்ட பொண்ணு வேணும்னு மட்டும் சொன்னா எப்படி, எப்படிப்பட்ட பொண்ணுன்னு சொல்லுங்க" என்பாள்.

அந்த வருஷம் நகரத்துப் பந்தாட்ட அணியின் சட்டைத் துணியும் அவளிடம்தான் வந்தது. அணியின் ஆள் ஒவ்வொரு மாதிரியையும் திருப்பித் திருப்பி அனுப்பினார். ஒன்று ரத்தம் மாதிரி இருக்கிறது, இன்னொன்று உதட்டுச்சாயம் மாதிரி இருக்கிறது என்றார். அவளும் சளைக்காமல் மஞ்சளைக் கூட்டி, நீலத்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, பழுத்த மிளகாயின் பளபளப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்புறம்தான் அவர் வாயைத் திறந்து நன்றாயிருக்கிறது என்றார். துணி லாரி லாரியாகப் போயிற்று.

வீட்டில் அவளும் தம்பியும் அப்பாவும்தான். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. தம்பி விடியற்காலையில் ரொட்டிக்கடை வேலைக்குப் போய்விட்டு, அவள் கிளம்புவதற்குள் திரும்பிவிடுவான். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. அப்பா குழாய் வேலை செய்தவர். யார் வீட்டுச் சுவருக்குள் எந்தக் குழாய் எப்படித் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவருக்கு, இப்போது சொந்த வீட்டுக் குளியலறைக்கு வழி கேட்க வேண்டியிருந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அன்றைக்குச் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். கடைக்காரர்களைக் கேட்டால் பார்த்த மாதிரியும் இருக்கிறது, பார்க்காத மாதிரியும் இருக்கிறது என்றார்கள். மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில், எல்லோருடைய கண் முன்னாலும், யார் கண்ணிலும் படாமல் அவர் உட்கார்ந்திருந்தார். அந்தச் சாம்பல் சட்டையை அவள் அன்றே கிழித்துத் தரை துடைக்கப் போட்டாள். வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, தொழிற்சாலையில் வேலை முடிந்த பிறகு இருந்து, தானே சாயம் ஏற்றினாள். மாதுளை முத்தின் சிவப்பு. அடியில் துளி நீலம் விட்டிருந்தாள். இந்த நகரத்தில் வேறு யார் உடம்பிலும் அந்த நிறம் இருக்காது என்று அவளுக்கு நிச்சயம். கழுத்துப்பட்டையின் உள்பக்கம் வெள்ளை நூலால் தன் போன் நம்பரைத் தைத்தாள். போட்டுவிட்டபோது அப்பா கண்ணாடியில் தன் ஒல்லி உடம்பைப் பார்த்து, "என்னைத் தீக்குச்சி ஆக்கிட்டியேம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பழைய அப்பா கொஞ்சம் இருந்தார்.

பந்தாட்ட அணி கோப்பையை ஜெயித்த மறுநாள் வெற்றி ஊர்வலம். தொழிற்சாலையில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் ஜன்னலோரத்தில்தான் நின்றார்கள். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல். அவன் பேசுவது கேட்கவில்லை, அழுவது மட்டும் கேட்டது.

"அக்கா, அப்பாவக் காணோம்."

ஊர்வலம் பார்த்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று தெருமுனை வரைக்கும் கூட்டிவந்தானாம். கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றானாம். வீரர்கள் வந்த திறந்த வண்டி பக்கத்தில் வந்ததும், படம் எடுக்க இரண்டு கையாலும் போனைத் தூக்கினானாம். கீழே இறக்கிப் பார்த்தால் பக்கத்தில் அப்பாவுக்குப் பதில் யாரோ ஒருத்தர் நின்றாராம்.

அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பஸ் எதுவும் ஓடவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் அவள் கால் தானாக நின்றுவிட்டது.

கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்பு. சட்டை சிவப்பு, தொப்பி சிவப்பு, கன்னங்களில் உதட்டுச்சாயத்தால் பட்டை பட்டையாகச் சிவப்பு. யாரோ சிவப்புப் புகை கக்கும் வாணம் கொளுத்தியிருந்தார்கள், காற்றே சிவந்து கிடந்தது. குழந்தைகளைச் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். நாற்சந்தியில் போக்குவரத்து விளக்கு, நிற்க வண்டியில்லாமல், தன்பாட்டுக்குச் சிவப்பாகி அணைந்தது. அவ்வளவும் அவள் கலந்த சிவப்பு. இதே நிறத்தை விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, கடை வெளிச்சத்தில் ஒரு தடவை என்று பார்த்துப் பார்த்துத் திருத்தியவள் அவள்தான். கண்ணைப் பறிக்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள். இப்போது அது பறித்துக்கொண்டிருந்தது.

தம்பி ஒரு மருந்துக்கடைப் படியில் நின்றிருந்தான். அவனைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டன. அவன் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினான். வீரர்கள் கையசைக்கிறார்கள். கடைசியில் ஓரமாக ஒரு மாதுளைச் சிவப்புக் கை தெரிகிறது. காய்கறிச் சந்தைப் பக்கம் நகர்ந்து படத்தை விட்டு வெளியே போகிறது. அவ்வளவுதான். அந்தக் கையை அவள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள்.

சந்தை முனையில் போலீஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே இருந்த காவலர் நல்ல மனிதர்தான். வயது என்ன, உயரம் என்ன என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். என்ன கலர் சட்டை என்று கேட்டார். சிவப்பு என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். பேனா நகரவில்லை. இந்தச் சிவப்பு இல்லை, மாதுளைச் சிவப்பு, கொஞ்சம் நீலம் ஓடும் என்று அவள் விளக்கிக்கொண்டே போனாள்.

"எனக்குச் சிவப்பு ஒண்ணுதாம்மா தெரியும்" என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார். சிவப்பு மேலுடை அணிந்த முதியவரைக் காணவில்லை என்று குரல் தொடங்கியது. சிவப்பு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கி ஆரவாரம் செய்தது. மிச்ச அறிவிப்பு அதில் முழுகிப்போயிற்று. திரும்ப அறிவித்தார்கள். திரும்பவும் ஆரவாரம்தான். அவள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

இனி தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்று சந்தையின் சுற்றுச்சுவர்மேல் ஏறினாள். கீழே தம்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டான். மிளகாய்ச் சிவப்பை ஒதுக்கு, ஒதுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பார்த்தாள். ஏமாற்றியவை எத்தனையோ. ஒரு பெண்ணின் அரக்குச் சால்வை, ஒரு கிழவரின் செங்கல் நிறத் தொப்பி, கறிக்கடை வாசலில் தொங்கிய துணி. கண்ணில் நீர் கட்டி நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்தபோது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

பார்த்துவிட்டாள். நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் அதே நிறம். அடியில் துளி நீலம். சந்தேகமே இல்லை.

சுவரிலிருந்து குதித்ததில் முழங்கால் சிராய்த்தது அப்போது தெரியவில்லை. முட்டி மோதிக்கொண்டு போய், பின்னாலிருந்து இரண்டு கையாலும் அந்த ஸ்வெட்டரைப் பிடித்தாள். "அப்பா" என்றாள். திரும்பியது தாடியும் தொப்பையுமாக ஒரு இளைஞன். ஸ்வெட்டர் அவனுக்குப் பற்றாமல் வயிற்றுக்கு மேல் ஏறி நின்றது. அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் அவன் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை நூலில் அவள் நம்பர் பத்திரமாக இருந்தது.

வெளியூரிலிருந்து கூட்டாளிகளோடு பஸ் பிடித்து வந்தவன் அவன். கொஞ்சம் குடித்திருந்தான். ஒரு பெரியவர் ஓரமாகத் தனியாக நின்றாராம். ஊரே ஒரு நிறமாக இருக்கும்போது அவர் மட்டும் வேறு மாதிரி இருந்தது பார்க்கப் பாவமாக இருந்ததாம். தாத்தா, மாத்திக்கலாமா என்று கேட்டானாம். அவர் சந்தோஷமாகக் கையைத் தூக்கிக் கொடுத்தாராம். இவனே ஸ்வெட்டரைக் கழற்றி, தன் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டானாம்.

"நம்ம ஆளு மாதிரி ஆயிட்டாருக்கா" என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கடலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேடு என்றால் எப்படித் தேடுவது? அதுவும் அவள் கலந்த கடல். தெருவிளக்குகள் வேறு எரியத் தொடங்கின. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் மிளகாயும் மாதுளையும் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீர்த்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். அவன் கையைப் பிடித்து நிறுத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அந்தத் தாடிக்காரன்தான் முதலில் பேசினான். சட்டையின் பின்பக்கம் தன் பட்டப்பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்ததாகச் சொன்னான். என்ன பெயர் என்று தம்பி கேட்டான். அவன் கூச்சத்தோடு, "கரடி" என்றான்.

அதைப் பிடித்துக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். முதுகில் கரடி என்று எழுதிய வயதானவரைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே தெருத்தெருவாகப் போனார்கள். சிலர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளை பார்த்ததாகச் சொல்லி ஒரு சந்துப் பக்கம் கையைக் காட்டினாள். சந்தில் யாரும் இல்லை. கரடி தன் கூட்டாளிகளுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தான். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போன் பேசிய நெரிசலில் லைன் கிடைக்கவே இல்லை.

போலீஸ் கூடாரத்துக்குத் திரும்பியபோது அந்தக் காவலர் எழுந்து நின்றார். நெரிசலில் விழுந்து மிதிபட்ட ஒரு முதியவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள், பேர் தெரியவில்லை, அணியின் சட்டைதான் போட்டிருந்தார் என்றார்.

ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான் இருந்தது. அந்த வழியில் அவள் என்னென்னவோ நினைத்தாள். சாம்பல் சட்டையையே விட்டிருக்கலாம். கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கலாம். அணிக்காரர் மாதிரியை இன்னும் ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கலாம். அவசரப் பிரிவின் வாசலில் தம்பி உள்ளே வரமாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவள் மட்டும் போனாள்.

திரைக்குப் பின்னால் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது, இப்போது யாரையும் விட முடியாது என்று நர்ஸ் தடுத்தாள். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சட்டையை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். அதையாவது காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். நர்ஸ் பையைத் திறந்தாள். பழுத்த மிளகாய்ச் சிவப்பு. அதன்மேல் ஈரமாய் இன்னொரு சிவப்பு. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவள் கண் மறுத்தது. முதுகுப் பக்கத்தைத் திருப்பினாள்.

வெறுமையாக இருந்தது. ஒரு எழுத்தும் இல்லை.

"எங்க அப்பா இல்ல" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. நர்ஸ் அவளையே பார்த்தாள். அப்புறம்தான், இந்தப் பையைத் தேடி இன்னொரு மகளோ மகனோ இதே தாழ்வாரத்தில் வருவார்கள் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் கரடியின் போனுக்கு உயிர் வந்திருந்தது. பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த கூட்டாளி ஒருவன் பேசினான். பாட்டுச் சத்தத்தில் கேட்காது என்று கரடி ஒலியைக் கூட்டி வைத்தான். தான் கரடி பேசுகிறேன், இங்கே ஆஸ்பத்திரியில் நிற்கிறேன் என்றான்.

"யாருடா நீ?" என்றது அந்தக் குரல். "கரடி பின்சீட்ல கொடியப் போத்திக்கிட்டு தூங்குறான். அவன் போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள்தான் போனைப் பிடுங்கி, போய்க் கொடியை விலக்கிப் பாருங்கள் என்றாள். பாட்டு நின்றது. யாரோ நடக்கும் சத்தம். அந்தச் சத்தம் நிற்பதற்குள் அவள் செத்துப் பிழைத்தாள்.

"ஐயோ, இது யாரோ ஒரு தாத்தா" என்றது குரல். "மூச்சு இருக்கு. நல்லாத்தான் தூங்குறாரு."

வேறொன்றுமில்லை, பஸ் கிளம்புகிற அவசரத்தில் முதுகில் இருந்த பெயரை மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆள் கணக்குச் சரியாக இருக்கிறது என்று ஏற்றிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் பஸ்ஸை நிறுத்திக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். தம்பி ஓடிப்போய் ரொட்டிக்கடை வண்டியைக் கேட்டு வாங்கி வந்தான். வழியெல்லாம் கரடி ஓயாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அவள் பஸ்ஸில் ஏறியபோது அப்பா எழுந்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி இளைஞர்கள் தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். காலுக்குக் கீழே ஈரம். யாரோ அதன்மேல் செய்தித்தாள் போட்டு வைத்திருந்தார்கள். அவர் அவளைப் பார்த்து முகம் மலர்ந்து, "வாம்மா, இவங்கல்லாம் நம்ம பசங்க" என்றார்.

அவள் அவரை அடித்தாள். தோளில், கையில், மார்பில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தாள். அவர் கடலைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பின்னால் ஏறிவந்த தம்பி அவளைப் பிடித்து இழுத்தான். அடித்த கையைப் பார்த்தாள். அந்தக் கையாலேயே அவர் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். நடுக்கம் நிற்க வெகுநேரம் பிடித்தது.

கரடி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, பனியனோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டான். அவனுடைய சட்டையைத் திருப்பிக் கொடுக்க அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தன்னுடையது என்றார். இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவன் உள்ளே போய் உட்கார்ந்தான்.

ரொட்டிக்கடை வண்டியில் முன்சீட்டில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அப்பா நடுவில். அவர் கை ஒன்றை அவள் பிடித்திருந்தாள். இனி எந்த நிறத்தைத் தேடிப் போவது என்று யோசித்தாள். பச்சையா, மஞ்சளா? அவரைத் தன் கையோடு கயிற்றால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா? வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே சத்தமில்லாமல் அழுதான். எதிரில் வரும் வண்டிகளின் வெளிச்சத்தில் அவன் கன்னம் பளபளத்தது.

அப்பா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்காமல் இருக்க வேண்டும் என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா அழுவுறான்? யாராவது தொலைஞ்சு போயிட்டாங்களா?"

"ஆமாப்பா" என்றாள் அவள்.

"தேடுனீங்களா?"

"தேடிக்கிட்டுதாம்ப்பா இருக்கோம்."

அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினார். பொட்டலத்தில் மிச்சமிருந்த கடலையை அவள் உள்ளங்கையில் கொட்டி, விரல்களை மூடிவிட்டு, நல்லாத் தேடுங்க, விட்டுடாதீங்க என்றார். தம்பி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.